ஓய்வுக்குப் பிறகு பிறந்தநாள், கல்யாண நாள் பரிசுகளுக்குப் பணம் ஒதுக்குவது எப்படி?

வேலையில் இருக்கும்போது பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் யாரும் தனியாகப் பணம் எடுத்துவைப்பதில்லை. போனஸ் வரும். ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்த பணம் வரும். பண்டிகை முன்பணம் வாங்கலாம். ஊதியக்குழு அரியர்ஸ் ஒருநாள் மொத்தமாக வந்து சேரும். எதுவும் இல்லையென்றால் பி.எஃப்.பில் கடன் போடலாம். பேரனுக்கு மோதிரமும் மகளுக்குப் பட்டுப்புடவையும் இப்படித்தான் வாங்கியிருப்போம். ஓய்வு பெற்ற மாதத்தோடு இந்த வழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடைபட்டுவிடுகின்றன. குடும்பமோ அந்தச் சமயத்தில்தான் பெரிதாகிறது. மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீடு என்று நினைவில் வைக்க வேண்டிய நாட்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும்.

அதனால் ஒன்றை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். இதுவரை "பேத்திக்கு என்ன வாங்கலாம்?" என்று முதலில் யோசித்து, பணத்தை அப்புறம் தேடியிருப்பீர்கள். இனிமேல் வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெயர்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

முதல் வருடத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஓய்வு பெற்ற முதல் வருடம்தான் மிகவும் ஆபத்தானது. பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், சேமநல நிதி என்று வாழ்க்கையில் இதுவரை பார்க்காத தொகை வங்கிக் கணக்கில் நிற்கும். பிள்ளைகளுக்கும் அது தெரியும். "இப்பக் கொடுக்காம எப்பக் கொடுக்கப்போறோம்" என்று மனசு சொல்லும். அந்த வருடம் நீங்கள் கொடுக்கும் பரிசுதான் அடுத்தடுத்த வருடங்களுக்கு அளவாக நிற்கும். மூத்த பேரனின் பிறந்தநாளுக்கு முதல் வருடம் சைக்கிள் வாங்கிவிட்டு, மறுவருடம் சட்டைத்துணியோடு போய் நிற்க யாருக்கும் மனசு வராது.

ஆகவே மொத்தமாக வந்த பணத்திலிருந்து முதல் வருடம் ஒரு பரிசும் வாங்காதீர்கள். அது வட்டி தரும் இடத்துக்குப் போகட்டும், மாதா மாதம் வருவதிலிருந்து மட்டும் பரிசு. இந்த விதியை நான் ரொம்பக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மற்றவற்றில் உங்கள் வீட்டு வழக்கப்படி கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2021இல் ஓய்வு வயது 60 ஆனதால் ஓய்வும் மணிவிழாவும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. திருக்கடையூரில் செய்யலாமா, வீட்டோடு செய்யலாமா என்ற பேச்சு ஓய்வுப் பணம் வரும் நேரத்திலேயே தொடங்கும். பரிசு பெறுகிறவர் நீங்கள்தான் என்றாலும் மகள் மருமகனுக்குத் துணி, சம்பந்திக்கு மரியாதை, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை எல்லாம் உங்கள் செலவுதான். அதற்கு ஒரு வரம்பு வைத்துவிட்டு, அப்புறம் மண்டபமோ கோயிலோ பாருங்கள்.

ஆண்டுத் தொகையைக் கண்டுபிடிப்பது

ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். சொந்த வீட்டில் இருக்கும் கணவன் மனைவி. ஓய்வூதியம் மாதம் 28,000 ரூபாய். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம் போட்டிருக்கிறார்கள். 2025இல் அதற்கு வட்டி 8.2 சதவீதம். வருடத்துக்கு 82,000, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 கைக்கு வரும். மாதக் கணக்கில் சுமார் 6,800. ஆக மாத வருமானம் 34,800.

இதில் மளிகை, பால், காய்கறிக்கு 16,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் 4,500. மின்கட்டணம், கேஸ், போன் 3,000. வீட்டு வரி, காப்பீட்டுப் பிரீமியம், சில்லறைப் பழுதுகளை மாதத்துக்குப் பிரித்தால் 3,500. கோயில், போக்குவரத்து, உறவுகளைப் பார்த்துவருவது 2,500. மொத்தம் 29,500. மீதி 5,300. அதில் 3,000 ரூபாயைத் திடீர்ச் செலவுக்கு எடுத்துவைத்தால் 2,300 மிஞ்சும்.

இவர்களுக்குப் பரிசுக்கு மாதம் 2,000, வருடத்துக்கு 24,000. அவ்வளவுதான் இவர்களின் வரம்பு. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வரிசை மட்டும் மாறக் கூடாது: சாப்பாடு, மருந்து, வீடு, திடீர்ச் செலவு, அதற்குப் பிறகு பரிசு. மருந்துச் செலவு ஏறும் வருடத்தில் முதலில் இறங்க வேண்டியது பரிசுத் தொகைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்யாண மொய், கிரகப்பிரவேசம், துக்க வீட்டுச் செலவு ஆகியவற்றை இதோடு சேர்க்காதீர்கள். அவை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சிலவற்றைத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். அதற்குத் தனிக் கவர் வையுங்கள். இரண்டையும் கலந்தால் ஒரு முகூர்த்த மாதம் போதும், பேத்தியின் பிறந்தநாள் பணம் மொய்யாகப் போய்விடும்.

இன்னொன்றையும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி, அவருக்குப் பின் துணைக்கு வரும் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும்போதும் அந்த ஒருவரால் தொடர முடிகிற பழக்கமா இது என்று பாருங்கள். பட்டியலும் கணக்கும் எங்கே இருக்கின்றன என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நாட்களைப் பட்டியல் போடுதல்

மொய் நோட்டு வைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் இது சுலபம். இன்னொரு நோட்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு பக்கம் விட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மாதப் பிறந்தநாளையும் கல்யாண நாளையும் எழுதுங்கள்.

நட்சத்திரப்படி பிறந்தநாள் கொண்டாடும் வீடு என்றால் வருடா வருடம் ஆங்கிலத் தேதி மாறும். சில வருடம் அதே தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வரும். புதுப் பஞ்சாங்கமோ நாள்காட்டியோ கைக்கு வந்ததும் எல்லோருடைய நட்சத்திர நாளையும் ஒரே உட்காரலில் குறித்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு தேதி இருந்தால் பரிசு எந்தத் தேதிக்கு என்பதையும் அப்போதே எழுதுங்கள். வயதான அண்ணன், அக்காவுக்குச் சான்றிதழில் உள்ள தேதியை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிகள் அதில் நிறைய. அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

எழுதி முடித்ததும் சில பக்கங்கள் நிரம்பியும் சில காலியாகவும் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் கல்யாண நாட்கள் தை, வைகாசி, ஆவணி என்று கூட்டமாக வந்து நிற்கும். வைகாசியை ஒட்டிப் பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வரும், அதில் நீங்களும் கை கொடுப்பீர்கள். ஐப்பசியில் தீபாவளி. அந்த மாதங்களில் ஓய்வூதியம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் முடியாது. மாதம் 2,000 ரூபாயை வருடம் முழுக்க ஒரே அளவாகத் தனிக் கணக்கில் போட்டுவந்தால், காலி மாதத்துப் பணம் நெருக்கடி மாதத்துக்கு உதவும். ஓய்வூதியம் வரும் கணக்கிலேயே இதை வைத்திருக்காதீர்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு ஒன்று போதும், அதற்குக் குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய்தான்.

பெயருக்குப் பெயர் பிரிப்பது

அதே தம்பதிக்கு ஒரு மகள், ஒரு மகன், இருவருக்கும் திருமணமாகி மொத்தம் நான்கு பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் தலைக்கு 1,500 என்றால் 6,000. மகள், மருமகன், மகன், மருமகள் பிறந்தநாளுக்குத் தலைக்கு 1,000 என்று 4,000. இரண்டு கல்யாண நாளுக்கு 1,500 வீதம் 3,000. உடன்பிறந்தவர்கள் மூவருக்கு 500 வீதம் 1,500. தங்கள் இருவர் பிறந்தநாளுக்கு 1,500, தங்கள் கல்யாண நாளுக்கு 2,000. எல்லாம் சேர்த்து 18,000. மீதி 6,000 பெரிய நாட்களுக்கு. அதைக் கீழே சொல்கிறேன்.

தங்கள் கல்யாண நாளுக்கு எதற்கு 2,000 என்று பல வீடுகளில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். எல்லோருக்கும் நாற்பது வருடம் செய்த கை அது. அன்றைக்கு ஒரு புடவையோ, இருவரும் ஒரு நல்ல ஹோட்டலில் சாப்பாடோ, பிடித்த ஊருக்குப் பஸ் டிக்கெட்டோ இருக்க வேண்டும்.

மகள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மகன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை. மருமகளுக்கும் மகளுக்கும் ஒரே தொகை. "மகன் வீட்டோடதானே இருக்கோம், தினமும் செய்றோமே" என்று சிலர் குறைப்பார்கள். குழந்தைக்கு அந்தக் கணக்கு புரியாது. அத்தை பையனுக்கு வந்த பெட்டியும் தனக்கு வந்த பெட்டியும்தான் தெரியும்.

புதுப் பேரக்குழந்தை பிறந்தால் மொத்தத் தொகையை ஏற்ற வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கான 6,000 ஐந்தாகப் பிரியட்டும், தலைக்கு 1,200. இல்லையென்றால் வேலைக்குப் போய்விட்ட பேரனுக்குப் பணப் பரிசை நிறுத்திவிட்டு, அவனுக்கு ஒரு புத்தகமோ வீட்டில் செய்த பலகாரமோ கொடுங்கள். வேலைக்குப் போகும்வரைதான் பணப் பரிசு என்று முன்பே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

பெரிய நாட்கள்

முதல் ஆண்டு நிறைவு, காதுகுத்து, பேத்தியின் மஞ்சள் நீராட்டு, மகளின் 25ஆம் கல்யாண நாள், அண்ணனின் மணிவிழா, அத்தையின் சதாபிஷேகம். இவை வருடா வருடம் வருவதில்லை, ஆனால் எப்போது வரும் என்பது பெரும்பாலும் முன்பே தெரியும். மகளுக்கு 2005இல் கல்யாணம் என்றால் 25ஆம் ஆண்டு 2030இல்தான். அடுத்த பத்து வருடத்தில் வரப்போகும் இப்படிப்பட்ட நாட்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.

மீதி வைத்த 6,000 என்பது மாதம் 500. அதை அஞ்சலகத் தொடர்வைப்பில் (ஆர்.டி.) போடலாம். ஐந்து வருடக் கணக்கு, 2025 விகிதமான 6.7 சதவீதத்தில் முடிவில் சுமார் 35,680 ரூபாய் வரும். நடுவில் மூடுவதாக இருந்தால் மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அப்போதும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் விசேஷம் இருந்தால் வங்கியில் 12 மாதத் தொடர்வைப்பு நல்லது.

தங்கம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதி முடியாது. 2015 வாக்கில் ஒரு கிராம் தங்கம் 2,500 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 செப்டம்பரில் சென்னையில் ஒரு பவுன் 80,000 ரூபாயைத் தாண்டியது. அதாவது கிராம் 10,000. மூத்த பேரனுக்கு ஆண்டு நிறைவுக்கு இரண்டு கிராம் மோதிரம் போட்டவர், கடைசிப் பேத்திக்கும் அதே எடை போட வேண்டும் என்றால் நான்கு மடங்கு பணம் வேண்டும். ஓய்வூதியத்தில் அது முடியாது. எடையில் சமம் பார்க்காதீர்கள், பொருளில் பாருங்கள் என்பேன். அவனுக்கு மோதிரம் என்றால் இவளுக்கும் மோதிரம், எடை ஒரு கிராமாக இருக்கட்டும். வருத்தம் வருவது எடையால் அல்ல, காரணம் சொல்லாமல் குறைப்பதால். சின்ன நகையில் செய்கூலியும் சேதாரமும் விலையில் பெரிய பங்காகிவிடும், அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. எனவே ரசீதில் தங்கத்தின் விலை தனி, கூலி தனி என்று எழுதி வாங்குங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளிடம் சொல்வது

பலருக்கும் கஷ்டமான கட்டம் இது. தொகை முடிவானதும் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். விசேஷ வீட்டில், பந்தியில், எல்லோர் முன்னாலும் வேண்டாம். சாதாரண நாள் ஒன்றில், மகனிடமும் மகளிடமும் ஒரே மாதிரி:

"தம்பி, பென்ஷன்ல வருஷத்துக்கு இவ்வளவுன்னு பரிசுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கோம். அக்கா பிள்ளைகளுக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு. முன்ன மாதிரி பெருசாச் செய்ய முடியாது, ஆனா ஒரு பிறந்தநாளும் விட்டுப்போகாது."

மகளிடம் அம்மா பேசுவது நல்லது. மருமகனிடம் நேராகச் சொல்லத் தயங்குவோம், மகள் சொல்லிக்கொள்வாள். சம்பந்தி வீட்டார் பெரிதாகச் செய்கிறவர்களாக இருந்தால் மனசு இன்னும் சங்கடப்படும். அவர்களுக்கு வாடகை வருமானம் இருக்கலாம், வியாபாரம் இருக்கலாம். அவர்களோடு போட்டி போட ஓய்வூதியத்தால் முடியாது. இதைத் தெரிந்துகொண்டு மனம் சுருங்கும் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. பெற்றவர்கள் கடன் வாங்கிச் செய்தது பின்னால் தெரியவந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் பதிலுக்கு, "எங்களுக்கு எதுவும் வேணாம்பா, குழந்தைங்களுக்கு மட்டும் செய்யுங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். கண்ணியமான பேச்சு அது, மறுத்து அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

1,500 ரூபாய்க்கு என்ன கொடுக்கலாம்

துணி என்றால், பிறந்தநாள் தீபாவளிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பின் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே நல்ல துணி எடுங்கள். பெரியவர்களுக்குக் கைத்தறி எடுக்கும் வழக்கம் இருந்தால் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி நேரத்து 30 சதவீதத் தள்ளுபடியில், அடுத்த வருட வைகாசிக் கல்யாண நாட்களுக்கான புடவை வேட்டியையும் சேர்த்து வாங்கி வைக்கலாம். அங்கே மாதத் தவணைச் சேமிப்புத் திட்டமும் உண்டு. கடைசித் தவணையை அவர்களே போடுகிறார்கள். அந்த வருட விதியைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகம் என்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதம் குறைவு. வருடம் முழுக்க வரும் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் வாங்கிவிடலாம். வயதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.

பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் நல்ல பரிசு. பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், பதினைந்து வருடம் கட்டலாம், இருபத்தொன்றாம் வருடம் முதிர்வு. இதில் தாத்தா பாட்டி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பெற்றோர் இருக்கும்போது கணக்கை அவர்கள்தான் தொடங்க வேண்டும். முன்பு தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளைக்கூட 2024 அக்டோபர் முதல் பெற்றோரைக் காப்பாளராகப் போட்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் பிறந்தநாள் பணத்தைக் கொடுத்துக் கட்டச் சொன்னால் போதும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாஸ்புக் பரிசாகத் தெரியாது. 1,500இல் 1,200ஐக் கணக்கில் கட்டிவிட்டு, 300க்கு ஒரு விளையாட்டுச் சாமான் கையில் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இங்கிருந்து பார்சல் அனுப்பினால் பொருளைவிடக் கூலி கூடும். அவர்கள் ஊருக்கு வரும்போது கொடுப்பதற்காக அந்தத் தொகையை வருடா வருடம் அவர்கள் பெயரில் சேர்த்துவையுங்கள். பிறந்தநாள் அன்று வீடியோவில் பேசிவிடுங்கள்.

எங்கே பணம் போடக் கூடாது

பரிசுப் பணம் சின்னத் தொகை என்பதால் தீபாவளிச் சீட்டு, பதிவு இல்லாத நகைச்சீட்டு என்று அக்கம்பக்கத்தில் போட்டுவிடுகிறோம். சீட்டு நடத்துகிறவர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. பெரிய நகைக்கடைகளின் திட்டம் 11 மாதத்தில் முடிவதற்கு விதி ஒன்று காரணம்: நகைக்காக நிறுவனம் வாங்கும் முன்பணத்துக்கு 365 நாட்களுக்குள் பொருளைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் இழுக்கும் திட்டம் என்றால் சந்தேகப்படுங்கள்.

வரி பற்றிய பயம் தேவையில்லை. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுப்பது எவ்வளவு என்றாலும் அவர்களுக்கு வருமான வரி கிடையாது. பெரிய தொகை என்றால் ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகக் கொடுத்து, அன்பளிப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை

அடுத்த நாள்காட்டி வந்ததும் பழைய நோட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன கொடுத்தோம், எவ்வளவு ஆனது என்று பாருங்கள். ஒரே குழந்தைக்கு இரண்டு வருடம் ஒரே பொருள் போயிருந்தால் அதில் தெரியும். அகவிலைப்படி ஏறியிருந்தால் அந்த ஏற்றம் முதலில் மருந்துக்கும் மளிகைக்கும் போகட்டும். அப்புறமும் மிஞ்சினால் மாதம் 100 ரூபாய் ஏற்றலாம். வருடக் கடைசியில் பரிசுக் கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் பெரிய நாட்களுக்கான கணக்கில் சேர்த்துவிடுங்கள்.